கட்டில் காலில் ஒரு சிவப்புத் தாள்

எந்தப் பொருளையும் அவர் நேராக மூக்கருகே கொண்டுபோய் நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. அந்த ஒரு தடவையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மல்லிகைப் பூவானாலும் சரி, ஊறுகாய் ஜாடியானாலும் சரி, ஒரு சாண் தள்ளித்தான் பிடிப்பார். வலது கையைக் குவித்து, அந்தப் பொருளுக்கு மேலே இருக்கும் காற்றை மட்டும் தன் பக்கமாக மெல்லத் தள்ளிவிடுவார். இரண்டு மூன்று தள்ளல்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். ஏற்காடு பஜாரில் கமலா ஆரஞ்சு விற்கிறவருக்கு இது பெரிய வேடிக்கை. "ஏனுங்க டீச்சர், எம் பழத்துக்கு ஆரத்தி எடுக்கறீங்களா?" என்று கேட்பார். இவர் சிரிக்காமல், "இது போன வாரத்துப் பழமுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விடுவார். அவர் சொன்னால் அது போன வாரத்துப் பழம்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்து ஆபீசில் வேலை பார்த்த பெண் தன் கைக்குழந்தையைக் கூட்டி வந்தபோது எல்லோரும் வாங்கி முத்தம் கொடுத்தோம். இவர் மட்டும் குழந்தையின் உச்சந்தலைக்கு மேலே கையைக் குவித்துக் காற்றைத் தள்ளினார். அந்தப் பெண் பயந்தே போய்விட்டாள், ஏதோ மந்திரிக்கிறார் என்று. "பால் வாசமுங்க. நல்லா இருக்குது" என்றார். அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பெயர் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. கெமிஸ்ட்ரி டீச்சர் என்றால் அவர்தான். நான் கணக்கு டீச்சர். சேலத்திலிருந்து வேலைக்காக மலை ஏறி வந்தவள். என் வகுப்பறைக்கும் அவருடைய ஆய்வகத்துக்கும் நடுவில் ஒரு சுவர், என் வாடகை வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு செம்பருத்தி வேலி. பகலில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்கும், சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

அம்மோனியா தயாரிக்கும் பாடம் வந்தால் எனக்கு அன்றைக்குக் கணக்கு நடத்த முடியாது. என் பிள்ளைகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு சுவரையே பார்ப்பார்கள். நானும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பேன். முதலில் அவர் நவச்சார உப்பை ஒரு தாளில் கொட்டி வகுப்பு முழுக்கச் சுற்றிக் காட்டுவார்.

"ஏங் கண்ணு, இதுல எதாச்சும் வாசம் வருதா?"

"இல்லீங்க டீச்சர்."

"வராது. உப்பா இருக்கிற வரைக்கும் அது அடக்கமா உள்ளயே கெடக்கும். இப்ப இந்தச் சுண்ணாம்பக் கலக்கறேன் பாருங்க. கலந்து சூடு காட்டுனாப் போதும், உள்ள இருந்தது கெளம்பி வெளிய வந்துரும்."

காற்றைவிட லேசான வாயு என்பதால் ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடிப்பார். தண்ணீருக்கு மேலே பிடித்தால் என்ன என்று யாராவது கேட்டால், "தண்ணி அத்தனையும் குடிச்சுப்போடும்" என்பார். கடைசியில் ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை ஜாடியின் வாயருகே காட்டுவார். அது நீலமாக மாறும்போது பிள்ளைகள் ஒரு சத்தம் போடுவார்கள். அப்போது ஒவ்வொரு வருஷமும் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "உங்களுக்கெல்லாம் மூக்கு சொல்லிப்போட்டுது. சளி புடிச்சவனுக்குத் தாள் சொல்லும்."

அவருக்கு அந்தத் தாள் எதற்கு என்று நான் நினைத்துக்கொள்வேன். அடுத்த அறையில் ஒரு பையன் எந்த பாட்டிலைத் திறந்தான் என்பதைத் தலையைத் திருப்பாமலே சொல்கிறவர் அவர். என் டிபன் பாக்ஸை நான் திறப்பதற்கு முன்பே, "நேத்து வெச்ச குழம்புங்களா? பதினோரு மணிக்கே சாப்பிட்டுருங்க, மத்தியானம் தாங்காது" என்று அக்கறையாகச் சொல்லி என் மானத்தை வாங்குவார். ஸ்டாஃப் ரூமில் அத்தனை பேருக்கும் கேட்கும். சில நாள் எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

அவருக்குக் கல்யாணம் நடந்ததே அந்த மூக்கால்தான். இதை எனக்குச் சொன்னவர் அவருடைய வீட்டுக்காரர். எஸ்டேட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துவிடும் ரைட்டராக இருந்தவர். காப்பித் தோட்டத்துச் சேற்றில் நாள் முழுக்க நடந்தாலும் வெள்ளைச் சட்டைதான். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் பவுடர். மலை முழுக்க அவருக்கு வெள்ளைச் சட்டைக்காரர் என்றுதான் பெயர்.

காப்பித் தோட்டத்து மண் புளித்துப்போகாமல் இருக்கச் சுண்ணாம்பு போடுவார்கள். உரமாக அம்மோனியம் சல்பேட் போடுவார்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் போடக்கூடாது. ஒன்றைப் போட்டுச் சில வாரம் கழித்துத்தான் மற்றது. ஒரு வருஷம் மழை கறுத்துக்கொண்டு வர, ரைட்டர் அவசரப்பட்டு இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்லிவிட்டார். அந்த வழியாக மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் வந்துகொண்டிருந்த ஒரு பெண் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தாளாம்.

"ஏனுங்க, உங்க உரம் காத்துல போகுதுங்க."

"அது எப்பிடித் தெரியும் உங்களுக்கு?"

"எனக்கு மூக்கு இருக்குதுங்களே."

சொல்லிவிட்டு மறுபடி ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள். அந்த மூக்குக்காரி யார் என்று விசாரித்து மஞ்சக்குட்டைக்கே பெண் கேட்டுப் போனார் ரைட்டர். நான் காப்பிக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கதையைப் புதிதாகச் சொல்வது போலச் சொல்வார். டீச்சர் உள்ளேயிருந்து, "ஆரம்பிச்சுட்டாருங்க" என்பார். ஆனால் கதை முடியும்வரை அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்காது.

அப்படி ஒரு சாயங்காலம்தான் ரைட்டர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் கடைசி நாட்களில் சேலத்தில் படுக்கையில் கிடந்தாராம். "பாக்க வந்தவங்க அத்தன பேரும் வாசப்படியிலயே துண்ட எடுத்து மூக்குல வெச்சுக்கிட்டாங்க. எங்கப்பன் அதப் பாத்துக்கிட்டே கெடந்தாருங்க. பேச்சு இல்ல, கண்ணு மட்டும் நல்லாத் தெரியும். எனக்கு மட்டும் அப்பிடி ஒரு நெலம…"

"வராதுங்க. நான் இருக்கறப்ப வராது" என்று டீச்சர் குறுக்கே சொன்னார். வாக்குக் கொடுக்கிற குரலில் சொல்லவில்லை. நாளைக்கு மழை வராது என்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அது அவருடைய தலையில் ஏறிய பாரம் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு நாள் தோட்டத்திலேயே விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். மனிதர் எல்லாவற்றையும் புரிந்துகொள்வார். அதுதான் கொடுமை.

டீச்சர் காலையில் அவரைத் துடைத்து, துணி மாற்றி, பவுடர் போட்டு, படுக்கையிலும் வெள்ளைச் சட்டையே போட்டுவிட்டு வருவார். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாள் இருந்தாள். மதிய இடைவேளையில் டீச்சர் சாப்பிடாமல் வீட்டுக்கு ஓடுவார். கேட்டைத் திறக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடும், துணி மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று. அந்த வீட்டுக்கு யார் போனாலும் பவுடர் வாசமும் காப்பி வாசமும்தான் வரும். படுக்கை நோயாளி இருக்கும் வீடு என்றே தெரியாது.

பிறகு கொரோனா வந்தது. எல்லோரும் விழுந்து எழுந்தோம், அவரும்தான். பள்ளிக்கூடம் திறந்ததும் பழையபடி வந்தார். என் டிபன் பாக்ஸைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நேற்றைய குழம்பைக் கொண்டுபோய் அவர் பக்கத்திலேயே திறந்து வைத்தும் பார்த்தேன். பேசாமல் சாப்பிட்டார். வயது ஏற ஏற மனுஷி பதமாகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

அந்த ஒரு தடவை வந்தது அப்போதுதான். பிள்ளைகளுக்கு உப்பு கண்டுபிடிக்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கொடுத்த உப்பைக் காரத்தோடு சேர்த்துச் சூடு காட்டி, என்ன வாயு வருகிறது என்று சொல்ல வேண்டும். நான் சாக்பீஸ் கடன் கேட்க ஆய்வக வாசலில் போய் நின்றேன். வாசலிலேயே எனக்கு அம்மோனியா வாசம் அடித்தது. கடைசி வரிசைப் பெண்ணும், "டீச்சர், அம்மோனியாங்க" என்றாள். டீச்சர் அவள் கையிலிருந்த சோதனைக் குழாயை வாங்கி, கையைக் குவித்துக் காற்றைத் தள்ளினார். மறுபடியும் தள்ளினார். கண்ணை மூடி நின்றார். திறந்து, மூன்றாம் தடவையும் தள்ளினார். பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் அந்தக் குழாயை நேராக மூக்கருகே கொண்டுபோனார்.

போன வேகத்திலேயே தலை பின்னால் போயிற்று. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இருமி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி, "சரி, கண்ணாடிக் குச்சிய ஆசிட்டுல நனச்சுக் கொண்டாங்க" என்றார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த குச்சியைக் குழாயின் வாயருகே காட்டினதும் வெள்ளையாகப் புகை கிளம்பியது. "பாத்துக்குங்க. இத எழுதுங்க. வாசத்த எழுத வேண்டாம்" என்றார். குரல் சரியாகவே இருந்தது.

மதியம் நானும் கூடவே நடந்தேன். வேலிக்கருகே வந்ததும் அவரே நின்றார்.

"எரியறது தெரியுதுங்க டீச்சர். வாசம் தெரியறதில்லீங்க. காச்சல் வந்து போனதுல இருந்தே ஒண்ணுமே இல்ல. காப்பி வெந்நி மாதிரி இருக்குது."

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"போனேன். வரலாம், வராமயும் போலாம்னாரு. எனக்குக் காப்பி போனாப் போகுதுங்க. ஊட்டுல அவர் இருக்காரே."

அவர் எதைச் சொல்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டைத் திறக்கும்போதே தெரிந்துகொள்கிற மூக்கு இல்லை. சொல்ல வேண்டியவருக்குப் பேச்சு இல்லை. பகலில் இருக்கும் அம்மாளோ நல்ல மனுஷி, ஆனால் ஆட்டுக் கொட்டகைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவள், அவளுக்கு எதுவும் வாசமில்லை. "துணி மாத்தாம உட்டுட்டேனோன்னு ஒவ்வொரு மணி நேரமும் பயமா இருக்குதுங்க. யாராச்சும் வந்து துண்ட எடுத்துருவாங்களோன்னு. அவரு பாத்துக்கிட்டுக் கெடப்பாரே" என்றார்.

பிறகுதான் அந்தத் தாள் வந்தது. பழைய சிறுநீரிலிருந்து கிளம்புவதும் அதே அம்மோனியாதான். சேலத்துக்குப் போய்த் தன் காசில் லிட்மஸ் தாள் வாங்கி வந்தார். ஆய்வகத்தில் கட்டுக்கட்டாக இருந்தது, அதிலிருந்து ஒரு கிழிசல்கூட எடுக்கவில்லை. சிவப்புத் தாளைத் தண்ணீரில் நனைத்துக் கட்டில் காலில் நூல் கட்டித் தொங்கவிடுவார். காய்ந்தால் மறுபடி நனைப்பார். ஓரம் நீலம் பாரித்தால் விரிப்பு முழுவதையும் மாற்றுவார். ரைட்டர் கேட்கிற மாதிரி பார்த்ததற்கு, "பூச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டாராம். தன் மூக்கு போன விஷயத்தை அவரிடம் மட்டும் சொல்லவில்லை. "அவரு அந்த மூக்க நம்பித்தானுங்க கெடக்கறாரு" என்றார் என்னிடம்.

சேர்வராயன் கோயில் திருவிழா வந்தது. மேலே கோயிலுக்குப் போய்த் திரும்புகிற ரைட்டரின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வழியில் அவரைப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று காலையில் டீச்சர் வேலியருகே வந்து என்னைக் கூப்பிட்டார். கையில் நீலத் தாள். "ரெண்டு தடவ விரிப்பு மாத்திட்டேனுங்க. மறுபடி மறுபடி நீலம்தான் ஆகுது. எனக்கு ஒண்ணும் தெரியல. ஒரு தடவ வந்து மோந்து பாத்துச் சொல்லுங்க. எனக்காகப் பொய் மட்டும் சொல்லாதீங்க."

அறைக்குள் போனேன். விரிப்பு தும்பைப் பூவாக இருந்தது. ரைட்டர் வெள்ளைச் சட்டையில் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தார். டீச்சர் கற்றுக்கொடுத்தபடியே கையைக் குவித்துக் காற்றைத் தள்ளிப் பார்த்தேன். தள்ளவே வேண்டியிருக்கவில்லை.

"வருதுங்க டீச்சர். நல்லாவே வருது."

அவர் முகம் செத்துப்போயிற்று. மெத்தையைத் தொட்டுப் பார்த்தார், தலையணையைத் தூக்கினார். பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் சுவரோரமாக வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தது. பகலில் இருக்கும் அம்மாள், விருந்தாளிகள் வருகிறார்களே என்று முந்தின நாள் சாயங்காலம் ஆட்டுக் கொட்டகைக்குத் தூவுகிற மாதிரி தூவிவிட்டுப் போயிருக்கிறாள். இத்தனை மாதமாக மெத்தை வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தரையில் இறங்கி, சிமெண்டு வெடிப்பில் உப்பாக அடங்கிக் கிடந்ததையெல்லாம் அந்தச் சுண்ணாம்பு கிளப்பிவிட்டிருக்கிறது. அவர் ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் செய்து காட்டுவதை அவர் வீட்டுத் தரையே செய்துகொண்டிருந்தது.

டீச்சர் தரையில் உட்கார்ந்தபடியே ரைட்டரைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்:

"ஏனுங்க, உங்க உரம் காத்துல போகுதுங்க."

சுவரைப் பார்த்திருந்த முகம் திரும்பியது. பாதி முகம்தான் சிரித்தது. அந்தப் பாதியிலும் கண்ணீர் இருந்தது.

"உங்களுக்கு வாசம் தெரிஞ்சுதானுங்களே இருந்துச்சு? ராத்திரியெல்லாம் தெரிஞ்சிருக்குமே? ஏன் கையக் கூட ஆட்டல?" என்று கேட்டார். ரைட்டர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு வெட்கம். தெரிந்தும் டீச்சர் சகித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருக்கிறார். டீச்சருக்கும் அது புரிந்தது. எழுந்து கட்டிலில் உட்கார்ந்து, அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு மூக்கு போயிருச்சுங்க. கொரோனாவுலயே போயிருச்சு. உங்ககிட்டச் சொல்லல. இந்தத் தாளு பூச்சிக்கில்ல, எனக்குத்தான்."

ரைட்டர் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டீச்சர் அவருடைய விரல்களைக் குவித்துப் பிடித்து, காற்றைத் தள்ளுகிற மாதிரி மூக்கின் பக்கமாக இரண்டு தடவை அசைத்துக் காட்டினார். "இனி நொம்ப வெக்கப்படாதீங்க. வாசம் வந்தா இப்பிடிக் காட்டுங்க. எனக்கு உங்க மூக்குதான்." கையை விட்டார். அது கொஞ்ச நேரம் போர்வைமேல் கிடந்தது. பிறகு தானாகவே எழுந்து, குவிந்து, கோணலாக, காற்றைத் தன் பக்கம் தள்ளியது.

நான் வெளியே போய் வாளியில் தண்ணீர் பிடித்தேன். தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது உண்மைதான், ஆனால் நான் அதற்காக மட்டும் போகவில்லை. சுண்ணாம்பைப் பெருக்கி அள்ளி, தரையை அலசி, வினிகர் ஊற்றித் துடைத்தோம். மெத்தையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு என் வீட்டு மெத்தையைக் கொண்டுவந்தோம். சொந்தக்காரர்கள் வந்து, உட்கார்ந்து, காப்பி குடித்து, மொட்டைத் தலைகளுக்குச் சந்தனம் பூசிக்கொண்டு போனார்கள். யாரும் துண்டை எடுக்கவில்லை.

அதன்பிறகும் தாள் தொங்கியது. ஆனால் தாளுக்கு முன்னாலேயே கை எழுந்துவிடும். சில நாள் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு டீச்சர் குரல் கேட்கும்: "இதுக்கா? இது பக்கத்து ஊட்டுக் கருவாடுங்க. எனக்குத் தெரியாதுன்னு ஏமாத்தாதீங்க." பக்கத்து வீடு என்றால் நான்தான்.

ரைட்டர் போனது காப்பிப் பூ பூத்திருந்த சமயம். கோடை மழைக்கு மலை முழுக்க வெள்ளையாகப் பூத்து, மல்லிகை மாதிரி மணந்துகொண்டிருந்தது. டீச்சர் அழவில்லை. குளிப்பாட்டி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசினார். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கதவைத் திறக்க விடவில்லை. என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, ஈரமான சிவப்புத் தாளை எடுத்துக் கட்டிலோரமாகப் பிடித்துக்கொண்டு நின்றார். தாள் சிவப்பாகவே இருந்தது. அவருக்கு அது போதவில்லை.

"நீங்களும் பாருங்க டீச்சர்."

கையைக் குவித்துக் காற்றைத் தள்ளினேன். "பவுடர் வாசமுங்க. ஜன்னல்ல காப்பிப் பூ வாசம். வேற ஒண்ணும் இல்ல."

"உறுதிங்களா?"

"உறுதிங்க."

கதவைத் திறந்தார். தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். வந்தவர்களின் முகத்தை அவர் பார்க்கவில்லை. கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் உள்ளே வந்த ஒரு சொந்தக்காரப் பெரியம்மாள் கட்டிலருகே வந்ததும் முந்தானையை எடுத்து வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டாள். டீச்சர் தூக்கிப்போட்ட மாதிரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்த பயத்தை என்னால் மறக்க முடியாது.

நான் குனிந்து அவர் காதருகே சொன்னேன்.

"அழுகறாங்க டீச்சர். அழுகைதானுங்க."

அவர் அந்த அம்மாளை இன்னொரு தடவை நன்றாகப் பார்த்தார். தோள் குலுங்குவதைப் பார்த்தார். பிறகு தன் முந்தானையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.